யானைக் கூட்டத்தை வைட் ஆங்கிள்ல எடுக்கிறது எப்படி: மின்னேரியாவை வச்சு ஒரு முழு வழிகாட்டி

லாங் லென்ஸ் இல்லாம காட்டுக்குப் போனா ஒண்ணும் தேறாதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஒரு நெனப்பு இருக்கு. ஒத்தை யானையோட கண்ணை மட்டும் எடுக்கணும்னா சரி, 500 எம்எம் வேணும்தான் (இந்த எம்எம் நம்பர் ஏற ஏற லென்ஸ் தூரத்துல இருக்கிறதை இழுத்துப் பெருசாக் காட்டும், குறையக் குறைய அகலமா, அதாவது வைடா எடுக்கும்). ஆனா ஒரு பெரிய குளத்துப் படுகை முழுக்க யானை மேயுது, பின்னாடி காடு, அதுக்கும் பின்னாடி நீலமா மலை, மேல மழை மேகம் கட்டிக்கிட்டு நிக்குது, இதைப் போய் 500ல எடுத்தா கையில கிடைக்கிறது நாலு முதுகும் ரெண்டு வாலும்தான். அந்த மாதிரி இடத்துல யானை எங்க நிக்குது, அந்த இடம் எவ்வளவு பெருசு, கூட்டம் எப்படி விரிஞ்சிருக்கு, இதுதான் படம்.

இதைச் சொல்லிக் கொடுக்க மின்னேரியாவை விட நல்ல இடம் எனக்குத் தெரியல, அதனால முழுக்க அதை வச்சே சொல்றேன், கடைசியில வேற இடங்களுக்கு என்ன மாத்தணும்னு கொஞ்சம் பார்க்கலாம்.

மின்னேரியா இலங்கையில பொலன்னறுவை மாவட்டத்துல, ஹபரணைக்குப் பக்கம் இருக்கு. கி.பி. 3ஆம் நூற்றாண்டு கடைசியில மகாசேனன்னு ஒரு ராஜா கட்டின குளம், 1997ல சுத்தியிருக்க காட்டோட சேர்த்து தேசியப் பூங்கா ஆச்சு. இங்க குளம்னா நம்ம ஊர் தெப்பக்குளம் அளவுக்கு நினைக்காதீங்க, நம்ம பெரிய ஏரி மாதிரி, அக்கரை சரியாத் தெரியாது. கோடையில வயலுக்குத் தண்ணி திறந்து விட விட குளம் சுருங்கும், சுருங்கின இடத்துல ஈரம் இருக்கிறதால பச்சைப் புல்லு முளைக்கும், சுத்தி காடெல்லாம் காஞ்சு கிடக்கிற நேரத்துல இங்க மட்டும் புல்லும் தண்ணியும் இருக்கு, அதனால ஆகஸ்ட் செப்டம்பர்ல பக்கத்துக் காடுகள்ல இருந்து யானைங்க குடும்பம் குடும்பமா வந்து சேரும். நல்ல வருஷத்துல 200, 300 வரைக்கும் பேசுவாங்க. ஆசிய யானை இவ்வளவு ஒரே இடத்துல வெட்டவெளியில நிக்கிறதை வேற எங்கயும் பார்க்கிறது கஷ்டம்.

போறதுக்கு முன்னாடி தண்ணி மட்டம் கேளுங்க

எல்லாரும் தேதி பார்த்து டிக்கெட் போடுவாங்க, தண்ணி மட்டத்தை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. குளம் நிறைஞ்சிருந்தா புல்வெளி தண்ணிக்குள்ள கிடக்கும், யானை வராது, வந்தாலும் காட்டோரம் ஒரு பட்டையில ஒட்டி நிக்கும், உங்களுக்கு அகலமான காட்சியே இருக்காது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு கோடையிலயும் மின்னேரியாவுல தண்ணி ஏறி நிக்கிற பிரச்சினை இருக்கு. ஹபரணையில ஜீப் ஓட்டுற அண்ணன்மாருக்கு அன்னைக்கு யானை மின்னேரியாவுலயா, பக்கத்துப் பூங்கா கவுடுல்லவுலயா, ஹுருலு காட்டுப் பக்கமான்னு காலையிலயே தெரியும், ஏன்னா அதே யானைங்கதான் இந்த மூணு இடத்துக்கும் மாறி மாறி போகும். மின்னேரியான்னு மனசுல ஃபிக்ஸ் பண்ணிட்டுப் போகாம, எங்க புல்லு வெளிய தெரியுதோ அங்க போங்க.

லென்ஸ்: வைடுன்னா எவ்வளவு வைடு

இங்கதான் முக்கால்வாசி பேர் சறுக்குறாங்க. லேண்ட்ஸ்கேப்னா 16 எம்எம்னு மாட்டிக்கிட்டு வருவாங்க, வீட்டுக்குப் போய் பார்த்தா யானை எல்லாம் கருப்புப் புள்ளியா இருக்கும். ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஃபுல் ஃப்ரேம் கேமரா (36க்கு 24 எம்எம் சென்சார்), யானை உயரம் 2.5 மீட்டர், உங்களுக்கும் அதுக்கும் 50 மீட்டர் தூரம்னு வச்சுக்கோங்க. 16ல அந்த யானை படத்தோட உயரத்துல 30ல ஒரு பங்கு. 24ல 20ல ஒரு பங்கு. 70க்குப் போனா ஏழுல ஒரு பங்கு. 200ல கிட்டத்தட்ட பாதிப் படத்தை அடைச்சுக்கும். அகலத்துக்கும் பாருங்க, அதே 50 மீட்டர்ல 24 எம்எம் 75 மீட்டர் அகலத்தை அள்ளும், 35 எம்எம் 50 மீட்டர் சொச்சம், 70 எம்எம் 25 மீட்டர் சொச்சம்.

என் கணக்குல கூட்டத்துல இருக்க யானை படத்தோட உயரத்துல பத்துல ஒரு பங்காவது இருந்தாத்தான் அது யானைன்னு உறைக்கும், அதுக்குக் கீழ போனா ஆடா மாடான்னு தெரியாது. அப்போ 50 மீட்டருக்கு 50 எம்எம். அதனால இந்த வேலைக்கு நான் சொல்ற லென்ஸ் 24-70, இல்ல 24-105, அவ்வளவுதான். கூடவே ஒரு 70-200 இருந்தா 200 மீட்டர் வரைக்கும் தள்ளி இருக்க கூட்டத்தையும் இதே மாதிரி இடத்தோட சேர்த்து எடுக்கலாம், அதுவும் இந்த வகைப் படம்தான், லென்ஸ்ல என்ன நம்பர் எழுதியிருக்குன்றது முக்கியமில்ல. க்ராப் சென்சார்னா (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்) இந்த எம்எம் நம்பர் எல்லாத்தையும் 1.5ஆல வகுத்துக்கோங்க. 20க்கு கீழ போனா இன்னொரு தொல்லையும் இருக்கு, ஓரத்துல நிக்கிற யானை இழுபட்டு குண்டாத் தெரியும், குட்டி மூலையில மாட்டுச்சுன்னா பார்க்கவே பாவமா இருக்கும், அதனால அப்படி எடுத்தே ஆகணும்னா கூட்டத்தை நடுவுல வைங்க.

யானையைத் தேடாதீங்க, பின்னணியைத் தேடுங்க

ஜீப் புல்வெளிக்குள்ள இறங்கின உடனே டிரைவர் நேரா பக்கத்துல இருக்க யானைகிட்ட கொண்டு போய் நிறுத்துவார், அவர் தப்பில்ல, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நீங்க கேக்க வேண்டியது வேற. முதல்ல ஒரு அஞ்சு நிமிஷம் யானையை மறந்துட்டு இடத்தைப் பாருங்க: எந்தப் பக்கம் திரும்பினா தண்ணி பின்னாடி வருது, எந்தப் பக்கம் மலை வருது, எந்தப் பக்கம் வெறும் கருப்புக் காடு, ஜீப்புங்க எங்க குவிஞ்சு நிக்குது. யானை சாம்பல் நிறம், குளிச்சு வந்தா கிட்டத்தட்ட கருப்பு. கருப்பு யானை கருப்பு மரத்து முன்னாடி நின்னா கூட்டமே காணாமப் போயிடும். பச்சைப் புல்லு, வெளிறின தண்ணி, தூசி, வானம், இந்த நாலுல ஒண்ணு யானைக்குப் பின்னாடி இருக்கணும். விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு, சாயங்கால வெயில் உங்க முதுகுப் பக்கம் இருந்து யானை மேல நேரா அடிக்குது, பின்னாடி காடு நிழல்ல இருக்குன்னா, யானை மண் நிறமா ஜொலிக்கும், அப்போ காடு நல்ல பின்னணி.

கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்துட்டு, அது வந்து சேரப்போற இடத்துக்கு நேரா, தள்ளி ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்க. சாயங்காலம் ஆக ஆக யானை காட்டை விட்டு வெளிய வந்து புல்லு மேஞ்சுக்கிட்டே தண்ணியை நோக்கித்தான் போகும், அதனால ஊகிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. டிரைவர்கிட்ட முதல்லயே, வண்டி ஏறும்போதே சொல்லிடுங்க: "அண்ணே, கிட்ட போக வேணாம், ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்கணும்." நடுவுல சொன்னா அவருக்குக் குழப்பம், கூட வந்தவங்களுக்கும் கோவம்.

கேமரா எவ்வளவு உயரத்துல இருக்கு

இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, ஆனா கூட்டம் எடுக்கிறதுல பாதி விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

சமதரையில, தொடுவானம் எப்பவுமே உங்க கேமரா உயரத்துல ஓடும். அதாவது உங்க கேமரா தரையில இருந்து 2.5 மீட்டர்ல இருந்தா, 2.5 மீட்டரை விட குட்டையான எதுவும் தொடுவானத்தைத் தாண்டி மேல வராது, அது 30 மீட்டர்ல நின்னாலும் சரி 300 மீட்டர்ல நின்னாலும் சரி. கேமரா 1 மீட்டர்ல இருந்தா 2 மீட்டர் யானை எந்தத் தூரத்துலயும் பாதி கீழ, பாதி மேல.

இப்போ ஜீப்ல எழுந்து நின்னு எடுத்தா கேமரா கிட்டத்தட்ட 2.5 மீட்டர்ல இருக்கும். பெண் யானை தோள் உயரம் 2 மீட்டர் சொச்சம். விளைவு என்னன்னா எல்லா யானை முதுகும் அக்கரை மரங்களோட அடிக்கோட்டை உரசிக்கிட்டு நிக்கும். இது ரொம்ப மோசமான நிலை, ஒண்ணு யானை அந்தக் கோட்டுக்கு நல்லா கீழ இருக்கணும், இல்ல தைரியமா கிழிச்சுக்கிட்டு மேல போகணும், ரெண்டும் இல்லாம உரசிக்கிட்டு நின்னா கண்ணு முதுகையும் மரத்தையும் ஒட்ட வச்சுப் பார்க்கும்.

கீழ இறக்கணும்னா என்ன செய்யலாம்? குளத்துப் படுகை காட்டுப் பக்கம் மேடா இருந்து தண்ணி பக்கம் சரிஞ்சு போகும். ஜீப்பை மேட்டுப் பக்கம் நிறுத்தி, தண்ணியைப் பார்த்து எடுத்தா, சரிவு உங்களுக்கு இலவசமா இன்னும் ரெண்டு மூணு மீட்டர் உயரம் கொடுக்குது. யானை மொத்தமும் புல்லு மேலயும் தண்ணி மேலயும் விழும், முன்வரிசை பின்வரிசைன்னு கூட்டத்தோட ஆழமும் தெரியும். பெரிய கூட்டம்னா, நூத்துக்கணக்குல இருக்குன்றதைக் காட்டணும்னா, இதுதான் வழி.

மேல ஏத்தணும்னா உட்கார்ந்து, கம்பிக்கு நடுவுல கேமராவை எவ்வளவு தாழ்த்த முடியுமோ தாழ்த்தி எடுங்க. அப்போ யானை வானத்தைத் தொடும், பிரம்மாண்டமாத் தெரியும், ஆனா பின்வரிசை எல்லாம் முன்வரிசைக்குப் பின்னாடி ஒளிஞ்சிடும். அதனால இது ஒரே வரிசையா நடக்கிற அஞ்சாறு யானைக்கு, பின்னாடி காடு இல்லாத பக்கத்துக்கு மட்டும். இறங்கி நின்னு எடுக்கலாமான்னு யோசிக்காதீங்க, பூங்காவுக்குள்ள வண்டியை விட்டு இறங்கக் கூடாது, ட்ரோனும் கூடாது.

கூட்டத்துக்குள்ள இடைவெளி

கூட்டப் படம் கெட்டுப்போறது பெரும்பாலும் ஒரே காரணத்தால, யானைங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரு கருப்பு மூட்டையாத் தெரியும், எட்டு யானைன்னு நீங்க சொன்னாத்தான் தெரியும். இலங்கை யானைகள்ல ரொம்ப கொஞ்சம் ஆணுக்குத்தான் தந்தம், கூட்டத்துல இருக்கிறது பெரும்பாலும் பெண்ணும் குட்டியும், அதனால தந்தம் காட்டி அடையாளம் சொல்ல முடியாது, தும்பிக்கை தனியா, கால் தனியா, வயித்துக்குக் கீழ வெளிச்சம் தனியாத் தெரியணும்.

இந்த இடைவெளி உங்க கையில இல்ல, யானையோட மனசுல இருக்கு. நிம்மதியா மேயுற குடும்பம் விரிஞ்சு நிக்கும், முன்னங்காலால புல்லை உதைச்சுப் பேத்து, காலுல தட்டி மண்ணை உதறிச் சாப்பிடும், ஒவ்வொண்ணுக்கும் அதுக்குன்னு ஒரு இடம் வேணும். ஜீப் நெருங்கினா உடனே சுருங்கும், குட்டிங்களை நடுவுல விட்டு பெருசுங்க சுத்தி அடைச்சுக்கும். நீங்க கிட்ட போகப் போக உங்க படம்தான் மூட்டை ஆகுது. காதை விரிச்சு உங்களையே பார்க்குதா, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிக்குதா, மேயுறதை நிறுத்திடுச்சா, அப்போ நீங்க ஏற்கனவே கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், மெதுவா பின்னாடி எடுக்கச் சொல்லுங்க. இதை ஒழுக்கமாவும் சொல்லலாம், ஆனா படத்துக்காக மட்டும் பார்த்தாலும் தூரமா நிக்கிறவனுக்குத்தான் லாபம்.

தண்ணிக்குப் போற நேரம்தான் தங்கம். மூத்த பெண் யானை முதல்ல கிளம்பும், மத்ததெல்லாம் பின்னாடி வரிசை கட்டும், அப்போ நடுவுல தானா இடைவெளி விழும். வரிசை நகரும்போது விரல் எடுக்காம அழுத்தணும்னு இல்ல, ஆனா ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு சின்ன பர்ஸ்ட் (தொடர்ச்சியா சில படம்) அடிச்சுக்கிட்டே இருங்க, ஏன்னா கால்கள் எல்லாம் பிரிஞ்சு நிக்கிற கணம் எப்போ வரும்னு கண்ணால பிடிக்க முடியாது. நடக்கிற பக்கம் அதிக இடம் விடுங்க.

ஓரத்தைப் பாருங்க. கூட்டம் படத்தை விட பெருசா இருந்தா எங்கயாவது வெட்டித்தான் ஆகணும், அப்போ ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல இருக்க இடைவெளியில வெட்டுங்க, ஒரு யானையோட இடுப்புல வெட்டாதீங்க. அப்புறம் கூட்டத்துல ஒரு முரண் இருந்தா படம் நிக்கும்: தள்ளி ஒத்தையா நிக்கிற ஆண், எதிர்த்திசையில ஓடுற குட்டி, தூசியை அள்ளி முதுகுல வீசுற ஒண்ணு. காலடியில திரியுற வெள்ளை உண்ணிக்கொக்கு இன்னொரு வரம், கருப்புக்கு நடுவுல வெள்ளைப் புள்ளி, கண்ணு தானா அங்கங்க தாவும்.

மத்த ஜீப்புங்களைப் பத்தி ஒரு வார்த்தை. சீசன்ல டஜன் கணக்குல நிக்கும், எல்லாரும் அதைத் தவிர்க்கப் பார்ப்பாங்க. எனக்கென்னவோ யானை வரிசையும் ஜீப் வரிசையும் ஒரே ஃப்ரேம்ல வர்ற படம்தான் மின்னேரியாவோட உண்மையான படம்னு தோணும். அதுவும் ஒண்ணு எடுத்து வைங்க.

வானமா தரையா

மேகம் நல்லா இருந்தா தொடுவானத்தை கீழ இறக்கி, யானையைக் கீழ் மூணுல ஒரு பங்குல ஒரு பட்டையா வைங்க. வானம் வெறுமையா வெள்ளையா இருந்தா ஈவு இரக்கமில்லாம வெட்டி எறிங்க, மேல ஒரு கீத்து போதும், மீதி எல்லாம் புல்லும் தண்ணியும். நடுவுல வைக்கிறது தண்ணியில நிழல் விழும்போது மட்டும். ஆனா கேமராவை மேலயும் கீழயும் ரொம்ப சாய்க்காதீங்க, வைட்ல ரொம்ப சாய்ச்சா ஓரத்து மரமெல்லாம் சரிஞ்சிடும், க்ரிட் லைன் ஆன் பண்ணி வச்சுக்கோங்க.

நேரமும் வெளிச்சமும்

மதியம் 2:30, 3 மணிக்கு உள்ள போனா போதும், 4 வரைக்கும் வெயில் கொடூரம், சூட்டுல தூரத்து மரமெல்லாம் நெளியும், அதை எந்த லென்ஸாலயும் சரி பண்ண முடியாது. பூங்கா 6 மணிக்கு மூடிடும், அதனால கேட் வரைக்கும் திரும்பி வர்ற நேரத்தைக் கழிச்சா உங்க கையில இருக்க நல்ல வெளிச்சம் கிட்டத்தட்ட 5ல இருந்து 5:40 வரைக்கும்தான். அந்த 40 நிமிஷத்துல இடம் தேடிக்கிட்டு அலையக் கூடாது, 4:30க்கே பின்னணி முடிவாகி நின்னுருக்கணும்.

ஆகஸ்ட்ல காத்து பலமா இருக்கும், தூசி பறக்கும், சூரியனைப் பார்த்து எடுத்தா அந்தத் தூசி எல்லாம் வெளிச்சமாகி யானைங்களைத் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டும். செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல சாயங்காலம் இடி மழை கட்டும், கருமேகத்துக்கு முன்னாடி புல்லு மேல மட்டும் வெயில் விழுற நேரம் ஒரு சில நிமிஷம் கிடைக்கும், எனக்கு எல்லாத்தையும் விட பிடிச்சது அதுதான்.

செட்டிங்ஸ்

இதுல ரொம்ப மூளையைக் கசக்க ஒண்ணுமில்ல. அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தோட அளவு) எஃப் 8. 24 எம்எம்ல எஃப் 8 வச்சு 2.4 மீட்டர்ல ஃபோகஸ் பண்ணாலே 1.2 மீட்டர்ல இருந்து மலை வரைக்கும் ஷார்ப், 70 எம்எம்ல 20 மீட்டர்ல பண்ணா 10 மீட்டர்ல இருந்து மீதி எல்லாம் ஷார்ப். அதனால முன்னாடி போற யானை மேல ஃபோகஸ் வச்சா போதும், 16, 22ன்னு அப்பர்ச்சரை மூடாதீங்க. ஷட்டர் நடக்கிற யானைக்கு 1/500, கொக்கு பறக்குதுன்னா 1/1600. ஐஎஸ்ஓ ஆட்டோ, 3200 வரைக்கும் விடுங்க. ரா ஃபைல் (கேமரா பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) கட்டாயம். யானை கருப்பா இருக்கிறதால கேமரா ஏமாந்து படத்தை வெளுக்க வைக்கும், கொக்கும் மேகமும் எரிஞ்சிடும், அதனால அரை ஸ்டாப் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதி) குறைச்சு எடுத்து நிழலை, அதாவது இருட்டான பகுதியை, அப்புறம் எடிட்டிங்ல தூக்கிக்கலாம். இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க, ட்ரைபாட் இல்லாததை விட ஜீப் அதிர்வுதான் மோசமான எதிரி. போலரைசர் (லென்ஸ் முன்னாடி மாட்டுற ஒரு ஃபில்டர்) புல்லு மேலயும் தண்ணி மேலயும் இருக்க பளபளப்பை நல்லாவே குறைக்கும், ஆனா 24க்கு கீழ வானத்துல ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகி அசிங்கமாத் தெரியும், வெளிச்சமும் ஒன்றரை ரெண்டு ஸ்டாப் போகும், 5:15க்கு மேல கழட்டிடுங்க.

ஃபோன்ல எடுக்கிறவங்க அல்ட்ரா வைடைத் தொடவே தொடாதீங்க. மெயின் கேமரா பெரும்பாலும் 24 பக்கம் இருக்கும், அதுவே தூரக் கூட்டத்துக்குச் சின்னதாத் தெரியும், 2எக்ஸ், 3எக்ஸ் இருந்தா அதுதான் உங்க லென்ஸ்.

பனோரமா

கூட்டம் ஒரே ஃப்ரேம்ல அடங்கலன்னா, கேமராவை செங்குத்தாப் பிடிச்சு 50 எம்எம்ல நாலஞ்சு ஷாட், ஒண்ணுக்கொண்ணு மூணுல ஒரு பங்கு மேல படியணும், எக்ஸ்போஷர் மேனுவல். சிக்கல் என்னன்னா யானை நகருது. அது நடக்கிற திசையிலயே நீங்களும் திரும்பினா ஒரே யானை ரெண்டு தடவை வரும், எதிர்த்திசையில திரும்பினா ஒண்ணு பாதியா வெட்டுப்படும். அதனால யானை இருக்க பகுதியை முடிஞ்சவரை ஒண்ணு ரெண்டு ஷாட்ல முதல்ல முடிச்சுட்டு, ரெண்டு பக்கமும் இருக்க வெறும் புல்லையும் தண்ணியையும் அப்புறம் சாவகாசமா எடுங்க. ஒட்டு விழுற இடம் யானை மேல வரக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம்.

வேற இடங்கள்ல

கபினியில மார்ச்ல இருந்து மே வரைக்கும் இதே கதைதான், நீர்த்தேக்கம் வத்தி புல்லு வரும், யானை வரும். ஆனா படகுல போனா கேமரா யானையை விட ரொம்ப கீழ இருக்கும், நீங்க தண்ணியில இருந்து காட்டைப் பார்க்கிறீங்க, பின்னணி இருட்டு, அதனால வெயில் உங்க முதுகுப் பக்கம் இருந்து யானை மேல அடிக்கிற நேரத்துக்குப் படகு, மத்த நேரத்துக்கு ஜீப். கோடியக்கரையில வெளிமான் தோள் உயரம் 80 சென்டிமீட்டர்தான், வண்டியில நின்னு எடுத்தா எல்லாமே புல்லுக்குள்ள முங்கிடும், உட்கார்ந்து, முடிஞ்சவரை தாழ்த்தி எடுத்தாத்தான் கொம்பு வானத்துல தெரியும். இரவிகுளம் ராஜமலையில வரையாடு ரோட்டோரமே நிக்கும், 24 எம்எம் உண்மையிலயே வேலை செய்யுற அபூர்வமான இடம் அது, பாறையும் மேகமும் பள்ளத்தாக்கும் எல்லாம் சேர்ந்து வரும், குட்டி போடுற சீசன்னு வழக்கமா பிப்ரவரி மார்ச்ல மூடிடுவாங்க, பார்த்துட்டுக் கிளம்புங்க. கென்யாவுல அம்போசெலி போற வாய்ப்பு இருந்தா கணக்கே தலைகீழ், 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ பெரும்பாலும் காலையிலதான் தெரியும், அப்புறம் மேகம் மூடிடும், அங்க சாயங்காலத்தை நம்பாதீங்க, 70-200 எடுத்துட்டுப் போங்க, ஏன்னா வைட்ல எடுத்தா மலை மேடு மாதிரி ஆயிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரே வரிசையை அம்பது ஃப்ரேம் எடுத்திருப்பீங்க. முதல்ல தம்ப்நெயில் அளவுல பாருங்க, அந்த அளவுலயே கூட்டம் ஒரு கோடாவோ வளைவாவோ தெரியலன்னா அந்த ஃப்ரேம் வேண்டாம். தேறினதை மட்டும் 100 சதவீதம் பெருசாக்கி, எந்த ஃப்ரேம்ல அதிகமான கால்களும் தும்பிக்கைகளும் தனியாத் தெரியுதுன்னு பாருங்க. நிழலைத் தூக்கும்போது யானையை பழுப்பாக்கிடாதீங்க, அது கருப்பாவே இருக்கட்டும், தோலோட சுருக்கம் லேசாத் தெரிஞ்சா போதும். மங்கலை நீக்குற டீஹேஸ் ஸ்லைடரைத் தூரத்து மலை மேல போடாதீங்க, அந்த மங்கல்தான் தூரத்தைச் சொல்லுது.

இன்ஸ்டாவுல 4:5ல போட்டா இந்தப் படங்க செத்துடும், அகலமான படம் ஃபோன்ல தீப்பெட்டி மாதிரி ஆயிடும். அங்க போட்டே ஆகணும்னா மூணா வெட்டி ஸ்வைப் பண்ற மாதிரி போடுங்க, வெட்டு யானை மேல விழாம. மத்தபடி ஒரு 30 இன்ச் அகலத்துல மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டுப் பாருங்க. 24 மெகாபிக்சல் ஃபைல் 6000 பிக்சல் அகலம், 30 இன்ச்சுக்கு இன்ச்சுக்கு 200 பிக்சல் வரும், ஒரு கை தூரத்துல நின்னு பார்க்க தாராளமாப் போதும்.